பெயர், ஊர், பொழுதுபோக்கு

மட்டக்களப்பு வாவிக்கரையிலே இருவர் புதிதாகச் சந்தித்தால் முதலில் எழும் வினா, "எந்த ஊர்?" என்பதாகும். இரண்டாவது, "யாருடைய பிள்ளை?" என்பது. கேட்பவர் சற்று மூத்தவராயின், "எந்தக் குடி?" என்று மூன்றாவதாகவும் ஒன்று கேட்பார். குடி என்பது இப்பகுதியில் தாய்வழியாக வருவது. தாயின் குடியே பிள்ளையின் குடி. தமிழரிடத்தில் மட்டுமன்றி இங்குள்ள முஸ்லிம்களிடத்திலும் இவ்வழக்கம் உண்டு. மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால், வந்தவரை மச்சான் என்று அழைப்பதா, அண்ணன் என்று அழைப்பதா என்னும் ஐயம் தீர்ந்துவிடும். பின்னர் வெற்றிலைத் தட்டம் வரும், பேச்சும் வளரும்.

இவை நல்ல வினாக்கள்தாம். ஆயினும் இவற்றின் விடைகள் யாவும் நாம் பிறக்குமுன்னரே எழுதப்பட்டுவிட்டவை. ஊரையும் குடியையும் பெற்றோரையும் எவரும் தெரிந்தெடுத்துக் கொள்வதில்லை. "உமக்கு எதிலே விருப்பம்?" என்று எம்மைக் கேட்டவர் ஊரில் எவரும் இலர். அந்த வினாவை முதன்முதலாக எம்மிடம் கேட்டவை இரண்டு: ஒன்று, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் பேனா நண்பர் பகுதி, மற்றது, இலங்கை வானொலி.

பேனா நண்பர் பகுதியின் அமைப்பை மூத்த வாசகர் நன்கு அறிவர். பெயர், வயது, முகவரி, பொழுதுபோக்கு ஆகிய நான்கும் மூன்று வரிகளுக்குள் அடங்கவேண்டும். முதல் மூன்றையும் எழுத நொடிப்பொழுது போதும். நான்காவதிலேதான் பேனா தயங்கி நிற்கும். "முத்திரை சேகரித்தல், வானொலி கேட்டல், புத்தகம் வாசித்தல்" என்று எழுதிவிடலாம். ஏறக்குறைய எல்லோரும் அவ்வாறே எழுதினர். ஆனாலும் வயலும் வாவியுமாக வளர்ந்த ஒரு பிள்ளை, தனக்கென்றும் சிறிது பொழுது உண்டு, அதனைத் தன் விருப்பப்படி போக்கலாம் என்று எண்ணிப் பார்த்ததே, அந்தச் சொல்லை எழுத நேர்ந்தபோதுதான்.

இவ்வழக்கம் எமது நாட்டில் மட்டும் தோன்றியதன்று. 1926 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரிலே ஹியூகோ கேர்ண்ஸ்பாக் என்பவர், விஞ்ஞானக் கற்பனைக் கதைகளுக்கென்றே 'அமேஸிங் ஸ்டோரிஸ்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். அதில் வாசகர் கடிதங்களை வெளியிடும்போது, எழுதியவரின் முழு முகவரியையும் உடன் அச்சிட்டனர். ஆசிரியருக்கு எழுதிய வாசகர் ஒருவருக்கொருவர் எழுதலாயினர்; நகரந்தோறும் கழகங்கள் தோன்றின; 1939 இல் அதே நியூயோர்க் நகரில் அவர்களது முதலாவது உலக மாநாடும் கூடிற்று. பின்லாந்து தேசத்தின் துர்க்கு நகரில் 1952 முதல் 2008 வரை இயங்கிய ஒரு நிறுவனம், பல நாட்டு மாணவர்க்கும் பிறநாட்டுப் பேனா நண்பரைத் தேடிக் கொடுத்தது. ஒரு பொருளின்மேல் அன்பு கொண்டவர், அதே அன்புடைய மற்றொருவரைத் தேடுதல் மாந்தர்க்கு இயல்பு. முகவரி ஒன்று மட்டும் கிடைத்தால் போதும்.

எமக்கு அம்முகவரியைத் தந்தது வானொலி. கொழும்பிலே வானொலி ஒலிக்கத் தொடங்கியது 1925 ஆம் ஆண்டின் இறுதியில். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினருக்காக இங்கு நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பு, போருக்குப் பின்னர் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950 இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிற்று. 1952 அளவில் அகில இந்திய வானொலி திரைப்படப் பாடல்களை ஒதுக்கி வைத்தபோது, கடலுக்கு அப்பாலிருந்த இலட்சக்கணக்கான நேயர்களும் கொழும்பின் பக்கம் செவி திருப்பினர். வட இந்தியாவிலே ஜும்ரி தலையா என்றொரு சிற்றூர். அப்பிரகம் தோண்டுவதே அவ்வூரின் தொழில். அங்கிருந்து பாடல் கேட்டு வந்த கடிதங்களின் பெருக்கத்தினாலேயே அவ்வூரின் பெயர் இந்தியா முழுவதும் பரவிற்று.

தமிழிலும் அதே நிலைதான். எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரலைத் தமிழகத்து நேயரும் தம் வீட்டுக் குரலாகவே கொண்டாடினர். பின்னர் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், இராஜேஸ்வரி சண்முகம் முதலியோர் வந்தனர். 'பொங்கும் பூம்புனல்', 'இசையும் கதையும்', 'பாட்டுக்குப் பாட்டு' என்னும் பெயர்களைக் கேட்டவுடன் முகம் மலரும் பெரியோர் இன்றும் பலர் உளர்.

இவற்றுள் எமது வீட்டார் தவறவிடாதது நேயர் விருப்பம். ஒரு பாடலுக்கு முன்னர், அதனை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களும் ஊர்களும் வரிசையாக வாசிக்கப்படும். ஏறாவூர் வரும், காத்தான்குடி வரும், களுவாஞ்சிகுடி, மருதமுனை, வந்தாறுமூலை, கொக்கட்டிச்சோலை எல்லாம் வரும். பாடல் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அப்பாடலை ஏற்கனவே நூறு முறை கேட்டிருப்போம். நாம் காத்திருந்தது அந்தப் பெயர் வரிசைக்காகவே. எமது பெயர் வராவிட்டாலும், எமக்குப் பிடித்த பாடலை இன்ன ஊரில் இன்னாரும் விரும்புகின்றார் என்று அறிதலே ஓர் உறவாக இருந்தது.

இதன் அருமையை உணர வாவியின் அமைப்பை அறிதல் வேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது இவ்வாவி. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையிலே கடலுக்கும் வாவிக்கும் இடையில் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி நெருங்கிக் கிடக்கின்றன. படுவான்கரை பரந்த வயல்நிலம். நாம் படுவான்கரையார். எமது வீட்டிலே பிள்ளைகள் நால்வர். வானொலிப் பெட்டி ஒன்று. ஊரிலே மின்சாரம் இல்லை. பற்றரி தளர்ந்தால் அதனை வெயிலில் காயவைத்து மேலும் இரண்டு நாள் ஓட்டுவோம். அறுவடைக் காலத்தில் அப்பெட்டி வயல் வாடிக்குச் சென்றுவிடும். நாமும் அதன் பின்னே செல்வோம். மறுகரைக்குப் போக வள்ளம் அல்லது பாதை வேண்டும். ஆகவே அக்கரையிலுள்ள ஊர்களின் பெயர்களைக் கண்ணால் காண்பதற்கு முன்னர் காதாலேயே அறிந்தோம்.

1970களின் நடுப்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேனா நண்பர் பகுதியில் ஏறாவூர் இளைஞர் ஒருவரின் மூன்று வரிகளைக் கண்டோம். வயது பதினேழு. பொழுதுபோக்கு: முத்திரை சேகரித்தல், வானொலி கேட்டல், பாடல்களைக் கொப்பியில் எழுதி வைத்தல். அந்த மூன்றாவது எம்மை ஈர்த்தது. எமது வீட்டிலும் அத்தகைய கொப்பி ஒன்று இருந்தது. பாடலின் வேகத்துக்கு எழுதமுடியாமல் விடுபட்ட அடிகளுக்குப் புள்ளி வைத்திருந்தோம். நால்வரும் சேர்ந்து ஒரு தபாலட்டை எழுதினோம். எட்டு நாளில் விடை வந்தது. "அன்பின் நால்வருக்கும்" என்று தொடங்கி, எமது புள்ளிகளிற் பாதியை அவர் நிரப்பி அனுப்பியிருந்தார். தம் கொப்பியின் புள்ளிகளையும் எமக்கு எழுதியிருந்தார். அவற்றுட் சிலவற்றை நாம் நிரப்பினோம்.

இரண்டாண்டுகள் இவ்வாறு கழிந்தபின், ஒரு விடுமுறை நாளில் அவர் பஸ்ஸிலும் வள்ளத்திலுமாக எமது ஊருக்கு வந்தார். கடிதத்தில் ஓயாது பேசியவர் திண்ணையிலே வாய் திறவாது அமர்ந்திருந்தார். நாமும் அவ்வாறே. எமது பெத்தா மட்டும் தயங்கவில்லை. "எந்தக் குடி மனே?" என்று கேட்டார். அவர் தமது உம்மாவின் குடியைச் சொன்னார். "உங்களிலேயும் குடி இருக்கா?" என்று பெத்தா வியந்து, அவருடைய குடும்ப வரலாறு முழுவதையும் கேட்டறிந்தார். பின்னர் பிட்டும் எருமைத் தயிரும் வந்தன. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்பது இந்நாட்டுப் பழமொழி. அன்று அது தட்டிலேயே இருந்தது. பழைய வினாக்களுக்கும் புதிய வினாவுக்கும் பகை இல்லை என்பதை அன்று கண்டோம். ஆயினும் புதிய வினா ஒன்று எழுந்திராவிடில் அவர் அத்திண்ணைக்கு வந்திருக்கமாட்டார்.

1978 நவம்பர் 23 ஆந் தேதி சூறாவளி இப்பகுதியைப் புரட்டிப் போட்டது. தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன, பாதைகள் மறைந்தன. பல நாட்களின் பின் தபால் வரத் தொடங்கியபோது, ஏறாவூரிலிருந்து ஓர் அட்டை வந்தது. "இவ்விடம் யாவரும் சுகம். கூரை போயிற்று. கொப்பியை உம்மா அரிசிப் பானைக்குள் வைத்துக் காப்பாற்றினார்" என்றிருந்தது. எமது கொப்பி நனைந்து மை கரைந்துவிட்டது. அடுத்த ஆறு மாதமும் அவர் தம் கொப்பியைப் பார்த்துச் சிறிது சிறிதாக எழுதி அனுப்பினார்.

பின்னர் வந்த காலம் கொடியது. 1990 ஆம் ஆண்டில் இக்கரையிலும் அக்கரையிலும் தமிழரும் முஸ்லிம்களும் தாங்கொணா இழப்புக்களை எய்தினர். அண்டை ஊருக்குச் செல்வதே அஞ்சத்தக்கதாயிற்று. கடிதங்கள் நின்றன. வானொலியைப் பாட்டுக்காகத் திறந்த காலம் போய், செய்திக்காகத் திறக்கும் காலம் வந்தது; இரவிலே பெட்டியைச் சுற்றிக் குனிந்து லண்டனிலிருந்து வந்த தமிழோசையைக் கேட்டோம். நேயர் விருப்பத்தில் நாம் கேட்டிருந்த பெயர்களுட் சிலவற்றைப் பின்னர் வேறு பட்டியல்களிலே வாசிக்க நேர்ந்தது. ஒரே பாடலை விரும்பியமை எவரையும் எதனின்றும் காத்துவிடவில்லை. இதனை மறைத்து எழுதுதல் பொய்யாகும்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகிய பின்னர், பாதைகள் மெல்லத் திறந்தன. அவ்வாண்டின் நடுவில் எமது பழைய முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. மேலே பெயர், வயது, முகவரி, பொழுதுபோக்கு. அதே பழைய மூன்று வரிகள். அதன்கீழே, "இம்முகவரியில் இப்போது யார் இருக்கின்றீர்கள் என்று அறியேன். ஆகையால் முன்பின் அறியாதவருக்கு எழுதுவதுபோல் எழுதுகின்றேன்" என்றிருந்தது. எம் நால்வரில் இருவர் கடல் கடந்து சென்றிருந்தனர், பெத்தா மறைந்துவிட்டார். எஞ்சிய இருவரும் அன்றிரவே விடை எழுதினோம். எமது பெயர்களையும் வயதையும் எழுதி, பொழுதுபோக்கு என்னுமிடத்தில் "வானொலி கேட்டல்" என்றே எழுதினோம். அடுத்த கடிதம் "அன்பின் நால்வருக்கும்" என்றுதான் தொடங்கிற்று.

அக்கடிதத்தை இன்றும் வைத்திருக்கின்றோம். முன்பின் அறியாதவருக்கு எழுதத் துணிந்த ஒருவர், அத்தனை நடந்தபின்னும் தம்மை எவ்வாறு அறிமுகம் செய்யலாம் என்று எண்ணியிருப்பார்? ஊரைக்கொண்டும் சமயத்தைக்கொண்டும் மனிதரைப் பிரித்துக் கணக்கிட்ட காலம் அது. அவருக்குக் கைகொடுத்தது, பதினேழு வயதிலே பத்திரிகைக்கு எழுதிப் பழகிய அந்த நான்காவது சொல்தான்.

இன்று மாணவர்க்குத் தபாலட்டை வேண்டியதில்லை. பாடலையோ பந்தாட்டத்தையோ பறவைகளையோ விரும்புவோர், கைத்தொலைபேசியிலேயே நாடு கடந்து ஒன்றுகூடுகின்றனர். அவர்களும் முதலில் தம் பெயரையும் ஊரையும் விருப்பத்தையும் சொல்லித்தான் நுழைகின்றனர். அதனைப் பெரியோர் வீண்பொழுதென்று ஒதுக்கிவிடுதல் ஆகாது. பிள்ளைகளும் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். மூன்று வரி எழுதிய நேயர் எத்தனையோ ஆயிரவர். அவருள் மற்றவரின் கொப்பியிலிருந்த புள்ளியை நிரப்பி அனுப்பியவரே நண்பராயினர். பிறர் விரும்புவதை அறிந்து, தம்மிடம் உள்ளதைக் கொடுக்கும் அந்த இரண்டாவது கடிதம் எழுதப்படல் வேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டிலே மூத்தவர் இருப்பின் அவரருகே சென்று அமருங்கள். அவருடைய ஊரும் குடியும் நீங்கள் அறிந்தவையே. "அந்நாளில் எந்தப் பாட்டுக்குப் பெயர் கொடுத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.