தயிர்சாதத்தின் தலையில் விழுந்த பழி

சித்திரை பிறந்தாலே எனக்குள் ஒரு கொசுவர்த்தி சுற்ற ஆரம்பித்துவிடும். இந்த வருடமும் சுற்றியது. இதுவரை எங்கேயும் எழுதாத கதை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

2016 ஏப்ரல் 14. நாக்பூர். தமிழ்ப் புத்தாண்டு, கூடவே அம்பேத்கர் ஜெயந்தி என்பதால் வங்கி விடுமுறை. இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரு மண்டபம் பிடித்து, வீட்டுக்கு ஒரு அயிட்டம் என்று சமைத்து எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். ஒரு வீட்டில் புளியோதரை, ஒரு வீட்டில் மாங்காய்ப் பச்சடி, ஒரு வீட்டில் வெள்ளரிக்காய் போட்ட கோசுமல்லி. ரயில்வேகாரர் வீட்டு அக்கா வழக்கம்போல ஒரு பெரிய அடுக்கு நிறைய தயிர்சாதம். நான் பொருளாளர் (வங்கியில் வேலை பார்ப்பவன் தலையில் வேறு என்ன கட்டுவார்கள்?). இலை, தண்ணீர் கேன், பானகத்துக்கு ஐஸ், இவை என் பொறுப்பு.

அன்று இரவு ஒன்பது மணிக்கு முதல் போன் வந்தது. விடிவதற்குள் முப்பது பேருக்கு மேல் வாந்தி, பேதி. என் பையனுக்கு அப்போது ஏழு வயது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப் ஏறியது. அந்தச் சின்னக் கையில் ஊசி குத்த நரம்பு தேடியதை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. நல்ல வேளை, யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் மறுநாள் காலை பதினோரு மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். தயிர்சாதம்! நாக்பூர் வெயிலில், பால் ஊற்றிப் பிசைந்தது, மூணு மணி நேரம் வெளியே இருந்தது, வேறு என்னவாக இருக்க முடியும்? அக்கா ஒரே ஒரு வரி போட்டார். "காலைல நாலு மணிக்கு வடிச்ச சாதம்தான் தம்பி, வீட்ல நாங்களும் அதான் சாப்பிட்டோம்." யாரும் பதில் போடவில்லை. சாயங்காலம் குழுவை விட்டு வெளியேறினார். அதற்கப்புறம் எந்த விழாவுக்கும் வரவில்லை.

இதில் நான் எங்கே வருகிறேன் என்றால்... என் பையன் தயிரைக் கண்டாலே ஓடுவான். அன்றும் ஒரு பருக்கை தொடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தங்கமணிதான் முதலில் சொன்னார். "இவன் தயிர்சாதம் சாப்பிடவே இல்லையேங்க. பானகம்தான் நாலு டம்ளர் குடிச்சான்."

பானகத்தில் போட்டது நான் வாங்கிய ஐஸ். கடைத்தெருவில், சாக்கில் சுற்றி, உமி ஒட்டிக்கொண்டு இருந்த பார் ஐஸ். கழுவி உடைத்துப் போட்டோம்.

"சும்மா இரு, இப்ப எதுக்கு அதெல்லாம்" என்றேன். அவ்வளவுதான். குழுவில் நான் ஒரு வார்த்தை எழுதவில்லை.

அப்புறம் 2021-ல், செய்தித்தாளைத் திறந்தால் ஜீனோம், மரபணு வரிசை, புதுப்புது வைரஸ் வகை என்று வந்துகொண்டிருந்த காலத்தில், இந்த வித்தையைச் சாப்பாட்டில் வரும் பாக்டீரியாவுக்கும் செய்கிறார்களா என்று தேடினேன். காமர்ஸ் படித்தவன், பயாலஜி பத்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் படிக்கப் படிக்க, இது நம்ம ஏரியா மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது.

நான் சேர்ந்த கிளையில் அப்போது எல்லாமே கையால் எழுதும் லெட்ஜர். மாதாமாதம் பாக்கிகளைப் பெயர்த்து எழுதிக் கூட்டிச் சரிபார்க்க வேண்டும். 34,560 என்பதை யாராவது 34,650 என்று எழுதிவிடுவார்கள். (வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று பழைய ஹெட் கிளார்க் சொல்லிக்கொடுத்தது இன்றும் மறக்கவில்லை.) அந்தத் தப்பு அப்படியே அடுத்த மாதத்துக்கும் போகும், அங்கிருந்து பெயர்த்த எல்லா அறிக்கைக்கும் போகும். சரியாக எழுதிய இலக்கம் எதையும் காட்டிக்கொடுக்காது. ஆனால் இரண்டு புத்தகத்தில் ஒரே இடத்தில் ஒரே தப்பு இருந்தால்? ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டிருக்கிறது, அல்லது இரண்டுமே ஒரே மூன்றாவது புத்தகத்திலிருந்து வந்திருக்கின்றன.

பாக்டீரியாவும் இதையேதான் செய்கிறது. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் சுமார் 50 லட்சம் எழுத்துகள். தோதான சூட்டில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு முறையும் அத்தனை எழுத்தையும் நகல் எடுக்கும். பெரும்பாலும் பிழையே வராது. எப்போதாவது ஒரு எழுத்து மாறும். மாறினால் அது சந்ததிக்கெல்லாம் போகும். நோயாளியிடமிருந்து எடுத்த பாக்டீரியாவின் எழுத்துகளையும் உணவிலிருந்து எடுத்ததன் எழுத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வித்தியாசம் விரல் விட்டு எண்ணும்படி இருந்தால், இரண்டும் நெருங்கிய சொந்தம். ஆயிரக்கணக்கில் இருந்தால் பெயர் மட்டும்தான் ஒன்று.

முன்பெல்லாம் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக வெட்டி, கோடுகளாக விழும் வடிவத்தைக் கண்ணால் ஒப்பிடுவார்களாம். நாம் செக்கில் கையெழுத்தை ஸ்பெசிமன் கார்டோடு ஒப்பிடுவது மாதிரி. இப்போது கணக்கு எண்ணின் ஒவ்வொரு இலக்கத்தையும் பார்க்கிறார்கள்.

இதைத் தேடப் போய்த்தான் 2011 ஜெர்மனி கதையில் மாட்டிக்கொண்டேன்.

அந்த வருடம் மே மாதம் வட ஜெர்மனியில் ரத்தப் பேதி பரவியது. மொத்தம் சுமார் 3,800 பேர் பாதிக்கப்பட்டார்கள். 800-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்தது. 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மே 26-ஆம் தேதி ஹாம்பர்க் மாநிலச் சுகாதார அமைச்சர் அறிவித்தார்: ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காய்!

காரணமில்லாமல் சொல்லவில்லை. சந்தையில் எடுத்த வெள்ளரிக்காயில் நிஜமாகவே நச்சு சுரக்கும் ஈ.கோலை இருந்தது. ஆனால் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது ஓ104:எச்4 என்ற வகை. வெள்ளரிக்காயில் இருந்தது வேறு வகை. சில நாளிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் கிளையில் ஆர். சுப்ரமணியன் என்ற பெயரில் இரண்டு பேர் கணக்கு வைத்திருந்தார்கள். ஒருவர் பணத்தை மற்றவர் கணக்கில் வரவு வைத்துவிட்டு நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, அதே கதைதான். ஆனால் அங்கே ஸ்பெயின் விவசாயிகள் லாரி லாரியாகக் காய்கறியைக் கொட்டினார்கள். வாரத்துக்கு 20 கோடி யூரோ நஷ்டம் என்றார்கள். கடைசியில் ஐரோப்பிய ஒன்றியம் பல நாட்டு விவசாயிகளுக்கும் சேர்த்து 20 கோடி யூரோவுக்கு மேல் இழப்பீடு கொடுத்தது.

உண்மையான ஆள் எப்படிப் பிடிபட்டது தெரியுமா? இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நோயாளிகளிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் தக்காளி, வெள்ளரி, சாலட் என்றார்கள். ஒரு ஆய்வில் நாலில் ஒருவர்தான் முளைகட்டிய பயறு என்று சொன்னார். சாலட் மேலே தூவிய நாலு முளை யாருக்கு ஞாபகம் இருக்கும்? எனவே புலனாய்வாளர்கள் ஒரு உணவகத்துக்குப் போனார்கள். நோய் வந்தவர்கள், வராதவர்கள் எல்லாரும் என்ன ஆர்டர் செய்தார்கள் என்று பில்லையும், மேஜையில் எடுத்த போட்டோக்களையும் பார்த்தார்கள். பிறகு சமையல்காரரிடம் எந்தத் தட்டில் என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டார்கள். சாப்பிட்டவர் ஞாபகத்தை விட்டுவிட்டு வவுச்சரைப் பார்த்தார்கள்! முளை இருந்த தட்டைச் சாப்பிட்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 14 மடங்கு என்று வந்தது. 41 இடங்களில் தனித்தனியாக நோய் வந்த கூட்டங்களைப் பின்தொடர்ந்தால் எல்லாமே லோயர் சாக்சனியில் பீனன்பூட்டல் என்ற ஊரில் முளைப்பயறு வளர்க்கும் ஒரே பண்ணையில் போய் நின்றன.

இதற்கிடையில் ஹாம்பர்க் மருத்துவமனையிலிருந்து போன டி.என்.ஏ.வைச் சீனாவில் ஷென்ஜென் நகரத்து பி.ஜி.ஐ. நிறுவனம் மூன்றே நாளில் படித்து, ஜூன் 2-ஆம் தேதி எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டது. முகம் தெரியாத விஞ்ஞானிகள் பல நாட்டிலிருந்து தங்கள் பிளாக்கிலும் ட்விட்டரிலும் ஆளுக்கொரு பக்கமாக அலசினார்கள். (நாம் பிளாக்கில் மொக்கை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் செய்த வேலையைப் பாருங்கள், அவ்வ்வ்.) வந்த பதில் இது: அடிப்படையில் அது குடல் சுவரில் செங்கல் அடுக்கியதுபோல ஒட்டிக்கொள்ளும் ஒரு ஈ.கோலை. 1990-களில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் ஒரு நோயாளியிடம் எடுத்த ஒன்றுக்கு நெருங்கிய சொந்தம். எங்கோ வழியில் ஒரு வைரஸ் அதற்குள் புகுந்து, ஷிகா நச்சைச் சுரக்கும் மரபணுவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. ஒட்டிக்கொள்ளும் குணமும் நச்சும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டன.

அதே ஜூனில் பிரான்சில் போர்தோ நகரத்துக்குப் பக்கத்திலும் சிலருக்கு அதே நோய். அவர்கள் ஜெர்மனிப் பக்கமே போனதில்லை. இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருந்தது என்ன என்று பார்த்தால்... வெந்தயம்! எகிப்திலிருந்து 2009-ல் கப்பலேறிய சுமார் 15,000 கிலோ வெந்தயம், ஒரே லாட். ஜெர்மன் நோயாளிகளின் பாக்டீரியாக்கள் கிட்டத்தட்ட ஒன்றேபோல் இருந்தன. பிரெஞ்சுக்காரர்களுடையதில் கொஞ்சம் கூடுதல் வேறுபாடு. வம்சாவளி போட்டால் ஜெர்மன் கூட்டம் முழுக்கப் பிரெஞ்சுக் கூட்டத்தின் ஒரு கிளையாக உட்கார்ந்தது. இரண்டுக்கும் மூலப் புத்தகம் ஒன்று.

வெந்தயம் என்றதும் பயந்துவிடாதீர்கள். முளைகட்டுவதற்கு வேண்டிய ஈரமும் கதகதப்பும் பாக்டீரியாவுக்கும் தோது, அதைப் பச்சையாகத் தின்றதுதான் வினை. எங்கள் வீட்டுக்காரம்மா மட்கியைத் துணியில் கட்டி முளைவிட்டு உசல் செய்வார். அது கொதித்து எண்ணெய் மிதந்துதான் தட்டுக்கு வரும்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த எகிப்து வெந்தயத்தில் கடைசிவரை அந்தப் பாக்டீரியா கிடைக்கவில்லை. எழுத்து ஒப்பீடு மட்டும் வழக்கை முடித்துவிடாது, ஆள் விசாரணையும் சரக்குப் போன வழியும் கூடவே வேண்டும். மூன்றும் ஒன்றாக டேலி ஆன கேஸ் தென்னாப்பிரிக்காவில், 2017-18-ல். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா. சாப்பிட்டு 70 நாள் கழித்துக்கூட நோய் வரலாம். 70 நாளுக்கு முன்னால் என்ன சாப்பிட்டோம் என்று யாரால் சொல்ல முடியும்? 1,060 பேருக்கு நோய், 216 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பத்துக்கு நாலு பேர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுக்கள். நாடெங்கும் நோயாளிகளிடம் எடுத்ததைப் படித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது எஸ்.டி.6 என்ற ஒரே வகை. பல உணவு அல்ல, ஒரே மூலம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. 2018 ஜனவரியில் சோவெட்டோவில் ஒரு காப்பகத்துப் பிள்ளைகள் சிலர் நோயில் விழ, அங்கே ஃப்ரிட்ஜில் இருந்த பொலோனி என்ற இறைச்சியைப் பிடித்துக்கொண்டு போனதில், பொலோக்வானே நகரத்து ஆலை ஒன்றில் அதே பாக்டீரியா அகப்பட்டது. மார்ச் 4-ஆம் தேதி அரசு அறிவித்தது.

எங்கள் கதைக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் பேதியைக் கல்ச்சருக்கு அனுப்பவில்லை. டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன், முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது டிரிப் ஏற்றத்தான் நேரம் இருந்தது. மிச்சச் சாப்பாட்டை அன்று சாயங்காலமே கொட்டியாகிவிட்டது. பாத்திரத்தை எல்லாம் நானே முன்னால் நின்று கழுவச் சொன்னேன், மண்டபத்துக்கு அட்வான்ஸ் திரும்ப வாங்க வேண்டுமே! எழுத்துகளைப் படிக்க உலகத்தில் மெஷின் இருந்தது. படிக்க எங்களிடம்தான் புத்தகம் இல்லை.

2018-ல் மகாராஷ்டிரத்தில், சாப்பிடக்கூடாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பேப்பரில் படித்துவிட்டுத் தங்கமணியிடம் நீட்டினேன். படித்துவிட்டு மடித்து வைத்தார்.

இப்போதெல்லாம் எங்கள் விழாக்களில் நான் ஒரு வேலை செய்கிறேன். வந்து இறங்கும் ஒவ்வொரு அயிட்டத்திலும் ரெண்டு கரண்டி தனித்தனி டப்பாவில் எடுத்து, பெயர் எழுதி, மூணு நாள் என் வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். தண்ணீர், ஐஸ் உட்பட. "பொருளாளர் பார்சல் கட்டுறார்டா" என்று பயல்கள் ஓட்டுகிறார்கள். ஓட்டட்டும்.

அக்கா வீட்டுக்காரர் ரிடையர் ஆகித் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டார்கள். போன மாதம் நம்பர் தேடிப் பிடித்துப் பேசினேன். பையன் தயிர் தொடாததைச் சொன்னேன், தெரிந்தும் நான் வாயைத் திறக்காததைச் சொன்னேன், ஐஸைச் சொன்னேன். என்னால்தான் இருக்கும் அக்கா என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அன்னிக்கு நானும் ரெண்டு டம்ளர் பானகம் குடிச்சேன் தம்பி. எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார். அப்புறம், "சரி, பையன் இப்பவாச்சும் தயிர் சாப்பிடுறானா?"

இல்லை என்றேன்.