எந்தப் பிள்ளைகளோடு?

முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பென்னாகரம் பக்கத்து ஊர்களில் ஒன்றரை வருஷம் கேள்வித்தாளோடு அலைந்தேன். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குச் சட்டம் தந்திருக்கும் உரிமைகளில் எது வீட்டு வாசல் வரை வந்து சேர்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். கேள்விகள் என்னுடையவை அல்ல. யுனிசெஃப்பும் வாஷிங்டன் குழுவும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட தொகுப்பு. ‘குறைபாடு இருக்கா’ என்று கேட்டால் பல தாய்மார்கள் ‘அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க’ என்று முடித்துவிடுவார்கள். அதனால் அந்தச் சொல்லையே தவிர்த்துவிட்டு, பார்க்க, கேட்க, நடக்கச் சிரமம் உண்டா, எவ்வளவு சிரமம் என்று அது கேட்கும். நல்ல கருவி. இன்றைக்கும் அதற்காக வக்காலத்து வாங்குவேன்.

நடப்பது பற்றிய கேள்வியில்தான் வண்டி நின்றது. ஒத்த வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால், நூறு மீட்டர் நடக்க உங்கள் பிள்ளை சிரமப்படுகிறதா?

“எந்தப் புள்ளைங்களோட கண்ணு?” என்றார் அந்த அம்மா. கிண்டலெல்லாம் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தேன். எல்லார் பல்லிலும் பழுப்புக் கோடு. இரண்டு பேருக்கு முட்டி உள்பக்கம் வளைந்து ஒன்றோடொன்று உரசியது. ஊர்த் தண்ணியில் புளோரைடு. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகும். தாராளமாகப் பால், கீரை கிடைக்கிற வீட்டுப் பிள்ளை ஓரளவு தப்பிக்கும். கிடைக்காத பிள்ளைக்கு எலும்பு வளையும். அப்படிப்பட்ட தெருவில் ‘ஒத்த வயதுப் பிள்ளை’ என்ற அளவுகோலே வளைந்துதான் இருக்கும். அந்த அம்மாவின் பதிலைப் படிவத்தில் ‘சிரமம் இல்லை’ என்றுதான் பதிய முடியும்.

ஆய்வாளர்கள் இதைக் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. அன்றைய சென்னை மாகாணத்தில், நெல்லூர்ப் பக்கத்தில் புளோரைடால் முதுகெலும்பு இறுகிப்போனவர்களைப் பற்றி ஷார்ட்டும் அவர் சகாக்களும் எழுதிய கட்டுரை வந்தது 1937இல். பிள்ளைகளின் முட்டி வளைவதைப் பற்றி ஆந்திரத்திலிருந்து கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசுவாமியும் எழுதியது 1973இல். தருமபுரி, கிருஷ்ணகிரிக்குக் காவிரித் தண்ணி கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் 2008இல், திறப்பு 2013 மே மாதம். முதல் கட்டுரைக்கும் குழாய்க்கும் நடுவில் 76 வருஷம். அந்தக் குழாய் வராத நாளில் நான் போன ஊர்களில் போர் தண்ணிதான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைபாடுகள் 7. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21. பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் அந்த 21இல் புளோரோசிஸ் பெயர் சொல்லி இல்லை. கை கால் இயக்கக் குறைபாடு என்ற தலைப்பில்தான் நுழைய வேண்டும், முக்கியமான சலுகைகளுக்கு 40 சதவீதம் என்று டாக்டர் எழுத வேண்டும். அந்தச் சான்றிதழுக்காக, தலை நிற்காத பதினோரு வயசுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறிய ஒரு தாயோடு நானும் போயிருக்கிறேன். ஒரு நாள் கூலி போச்சு. டாக்டர் லீவு.

பள்ளி விஷயம் இன்னும் சிக்கல். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை. 2016 சட்டம் இந்தப் பிள்ளைகளுக்கு அதை 18 வரை நீட்டியது. கடுமையான குறைபாடு உள்ளவர்கள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பது 2012 திருத்தத்தில் ஓர் உரிமையாக வந்தது. நான் பார்த்த வீடுகளில் யாரும் அதைத் தேர்ந்தெடுத்ததாகத் தெரியவில்லை. சாய்தளம் இல்லை, தூக்கிப்போக ஆள் இல்லை, அதனால் வீடு. சிறப்பாசிரியர் வரும் நாளில் பிள்ளைகள் காலையிலேயே பவுடர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பையன் என்னிடம், “ஸ்கூல்ல பெல்லு எப்டி அடிக்கும்?” என்று கேட்டான். அடித்துக் காட்டினேன்.

நெறிமுறைக் குழு என்னிடம் கேட்டது பெற்றோர் கையெழுத்து. பிள்ளையின் சம்மதம் ‘இயன்றவரை’. பேச்சு வராத ஒரு பெண் பிள்ளை, ரிக்கார்டரை எடுத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பைக்குள் வைத்தேன், திரும்பினாள். மறுபடி எடுத்தேன், மறுபடி சுவர். இதைவிடத் தெளிவாக ஒருத்தர் ‘வேண்டாம்’ சொல்ல முடியுமா?

“நான்தான் கையெழுத்துப் போட்டுட்டேனே, அவளைப் போயி என்னாத்துக்குக் கேக்கற?” என்றார் அவள் அம்மா. மாதிரியில் ஒன்று குறையுமே என்றார் என் நெறியாளர். குறையட்டும் என்றேன். 1989 உடன்படிக்கை, குழந்தையின் கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது. கருத்து வாயால்தான் வர வேண்டும் என்று சொல்லவில்லை.

அந்த வீட்டுக்கு அப்புறமும் போனேன், ரிக்கார்டர் இல்லாமல். மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை நின்றுபோயிருந்தது. ஆதார் எண்ணில் ஓர் இலக்கம் மாறி ஏறியிருக்கிறது என்று இ-சேவை மையத்தில் சொன்னார்கள். மனு எழுதிக் கொடுத்தோம். போன வாரம் போன் பண்ணிக் கேட்டேன், இன்னும் ஏறலையாம்.