எங்கள் வீதியின் ப்ளஸ் டூ பிள்ளைகள்

திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீதியில் ப்ளஸ் டூ முடிக்கிற பிள்ளைகளின் பட்டப்பெயர்கள் எல்லாமே பனியன் கம்பெனியிலிருந்து வந்தவை. தையல் மெஷின் மாதிரி மூச்சு விடாமல் பேசுகிறவள் 'ஓவர்லாக்'. கபடி டீமுக்கு அவள்தான் கேப்டன். களத்தில் அவள் குரல் கேட்டாலே எதிரணி தடுமாறும். அடுத்தவர் நோட்டில் பிழை பிடிக்கிறவன் 'செக்கிங்'. என்.எஸ்.எஸ். முகாமின் செலவுக் கணக்கை அவனிடம்தான் கொடுத்தார்கள், ஒரு ரூபாய் பிசகவில்லை. அந்தப் பெயரை அவன் பெருமையாகவே சுமக்கிறான்.

இவர்களைப் பெற்றவர்கள் அதே கம்பெனிகளில் பவர்டேபிள் தையலிலும் கைமடி வேலையிலும் இருக்கிறவர்கள். பரீட்சை நாட்களில் ஓவர்டைமை விட்டுவிட்டுப் பிள்ளையோடு விழித்திருந்த அம்மாக்களை எனக்குத் தெரியும். 2024 ப்ளஸ் டூ தேர்வில் 97.45 சதவீதத்தோடு மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது திருப்பூர் மாவட்டம். அதில் இந்த அம்மாக்களுக்கும் பங்குண்டு.

என் பயம் ஒன்றுதான். பரீட்சை முடிந்ததும் கம்பெனிகளில் ஆள் கேட்பார்கள். வாரச் சம்பளம் கையில் புரண்டால் காலேஜ் தள்ளிப்போகும்.

அப்படித் தள்ளிப்போட வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரத் திட்டங்கள் வந்திருக்கின்றன: பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். உங்கள் வீதிப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கூட இருந்து விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள்.