பட்டிப் பொங்கலும் பரீட்சைப் பையனும்

அமெரிக்க தேசத்தில் நன்றி கூறுவதற்கென்றே ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். உள்நாட்டுப் போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்த 1863-ஆம் ஆண்டில், ஆப்ரகாம் லிங்கன் நவம்பர் மாதத்துக் கடைசி வியாழக்கிழமையை அதற்காக ஒதுக்கினார். பின்னர் 1941-இல், நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை என்று அது சட்டமாயிற்று. அன்று வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வீடு திரும்புவார்கள். வான்கோழி ஒன்றைச் சமைத்து வைத்து, குடும்பத்தார் யாவரும் சுற்றி அமர்ந்து உண்பார்கள். நம்மவர்கள் இந்த விஷயத்தில் அவர்களைக் காட்டிலும் தாராளமானவர்கள். ஒரு நாள் போதாதென்று நான்கு நாள் வைத்தார்கள். கதிரவனுக்கு நன்றி சொன்னதோடு நில்லாமல், கால்நடைக்கும் ஒரு நாளைக் கொடுத்தார்கள்.

இவ்வாறு சரித்திர வகுப்பில் வருஷந்தோறும் நாம் பெருமையோடு சொல்லி வருவது வழக்கம். சென்ற தைப் பொங்கலின்போது, இந்தப் பெருமை எத்தனை மாற்று என்று நம் வீட்டிலேயே ஒருவன் உரைத்துப் பார்த்துவிட்டான். அவன் வேறு யாருமல்லன்; நமது புதல்வன்தான். வயது 15. பத்தாம் வகுப்பு. மார்ச்சு மாதத்தில் அரசாங்கப் பரீட்சை.

காங்கேயத்துக்குச் சற்று வெளியே, சிவன்மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நமது வீடு இருக்கிறது. நம் தகப்பனார் காலத்தில் பட்டி நிறைய மாடுகள் இருந்தன. கவலை இறைக்க ஒரு ஜோடி, உழவுக்கு ஒரு ஜோடி, வண்டிக்கு ஒரு ஜோடி என்று எருதுகள் மட்டுமே ஆறு. கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காட்டில், வெள்வேல மர நிழலில், கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து வளர்ந்த மாடுகள் அவை. கிணற்றுக்கு மின்சார மோட்டார் வந்தது. கவலை எருதுகள் போயின. உழவுக்கு டிராக்டர் வந்தது, உழவெருதுகள் போயின. பாரம் ஏற்ற லாரி வந்தது, வண்டியே போயிற்று. இன்று பட்டியில் மிஞ்சியிருப்பவை மயிலைப் பசு ஒன்று, அதன் கிடாரிக் கன்று ஒன்று. காங்கேயம் பசு கறவைக்குப் பேர் போனதல்ல. வேளைக்கு ஒரு லிட்டர் கொடுத்தால் அன்று அதற்கு நல்ல மனசு என்று அர்த்தம். ஆனால் தவிடும் புண்ணாக்கும் சோளத்தட்டும் விற்கிற விலையோ நேயர்கள் அறியாததல்ல.

போதாக்குறைக்கு, தீபாவளியன்று நம் தாயார் வாசற்படியில் வழுக்கி விழுந்து, முழங்காலில் அடிபட்டுக் கட்டிலோடு கிடந்தார். அதுவரை பட்டியைப் பார்த்துவந்தவர் அவரே. ஆகவே நாம் ஒரு தீர்மானத்துக்கு வந்தோம். வெள்ளிக்கிழமை மாட்டுப் பொங்கல். ஞாயிற்றுக்கிழமை பழையகோட்டையில் மாட்டுச் சந்தை. மரியாதையாகப் பொங்கல் வைத்துக் கும்பிட்டுவிட்டு, மறுநாள் விட்டு மறுநாள் பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிடுவது. வளர்க்கத் தெரிந்த கைக்குப் போகட்டுமே என்பது நாம் நமக்கே சொல்லிக்கொண்ட சமாதானம்.

இன்னொரு தீர்மானம் பையனைப் பற்றியது. விடுமுறை நாட்களுக்கென்று, காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை ஒரு கால அட்டவணை தயாரித்தோம். கைப்பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். இதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. சில மாதங்களாகவே பையனின் போக்கு நமக்குப் பிடிபடவில்லை. பகலில் கண் சொருகுகிறது. புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி. எந்நேரமும் பசி. என்ன கேட்டாலும் ஒரே சொல்லில் பதில். இரவெல்லாம் கைப்பேசியைப் பார்க்கிறான் என்று நாம் முடிவு கட்டினோம். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நமக்கு இதில் சந்தேகம் வருமா, என்ன?

காப்புக் கட்டும் நாளன்று, பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் பறித்து வர அவனை அனுப்பினோம். அரை மணி நேரத்து வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆக்கினான். அட்டவணையைக் காட்டிக் கண்டித்தோம். அவன் பதில் பேசவில்லை. முற்றத்துக் குழாயில் கையையும் காலையும் கழுவிக்கொண்டு, கணக்குப் புத்தகத்தோடு உள்ளே போனான்.

பொங்கலன்று உறவினர் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அரையாண்டிலே எத்தனை மார்க் கண்ணு?" பத்தாம் வகுப்புப் பையன் இருக்கும் வீட்டில் பொங்கல் என்பது, இனிப்புப் பரிமாறி நடத்தும் ஒரு விசாரணைக் கமிஷன்தான். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் அவன் தாய்மாமன் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவருக்கு அவர் கவலை. அமெரிக்கர்களின் நன்றி நாளுக்கு மறுநாள் அந்நாட்டுக் கடைகளில் பெரும் விற்பனை நடக்கும். அதற்கான துணி பல மாதம் முன்பே திருப்பூரில் தைத்துக் கப்பலேற வேண்டும். 2025 ஆகஸ்டு மாதக் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவிகிதம் வரி விதித்தபோது, திருப்பூரின் வயிற்றில் அது எப்படிப் புளியைக் கரைத்தது என்று அவர் விவரித்துக்கொண்டிருந்தார்.

"அவங்க சாமிக்கு நன்றி சொல்றாங்க. நாம அவங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்குது!" என்று சொல்லிச் சிரித்தார்.

நாம் லிங்கனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினோம். மூலையில் அமர்ந்திருந்த பையன் தலை நிமிர்ந்தான்.

"ஏனுங் மாமா, அந்த நாளுக்கு முன்னாடி அமெரிக்க ஜனாதிபதி ஒரு வான்கோழிக்கு மன்னிப்புக் கொடுத்து உசிரோட விட்டுடுவாராமே? அவங்க ஊரிலே வான்கோழிக்குக்கூட மன்னிப்பு உண்டுங்க. நம்ம வீட்டிலே வெள்ளிக்கிழமை மாலை போட்டுக் கும்பிட்டுட்டு, ஞாயித்துக்கிழமை சந்தைக்கு ஓட்டப் போறோமுங்க."

கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. அவன் சொன்னது வாஸ்தவமே. 1989-ஆம் ஆண்டு முதல் அந்த மன்னிப்பு அங்கே ஒரு சடங்காகவே நடந்துவருகிறது. சரித்திர உபாத்தியாயராகிய நாம் லிங்கனோடு நின்றுவிட்டோம். பையன் வான்கோழி வரைக்கும் போயிருக்கிறான். "உனக்குப் பரீட்சையா, பசுவா முக்கியம்?" என்று சற்று உரக்கவே கேட்டோம். அவன் எழுந்து போய்விட்டான்.

அன்றிரவு, படிக்கிறானா இல்லையா என்று சோதிக்க, அவன் தூங்கிய பின் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தோம். கணக்குகள் ஒழுங்காகவே இருந்தன. நோட்டைத் திருப்பியபோதுதான் கடைசிப் பக்கங்கள் கண்ணில் பட்டன. தேதி வாரியாகக் கோடு போட்டு எழுதியிருந்தான். 4.30 சாணி எடுத்தல். 5.00 பால். 5.30 தண்ணீர், தவிடு. அதற்கு நேரே பாலின் அளவு. பக்கத்தில் ஒரு பத்தி முழுவதும், "அப்பத்தா மாத்திரை" என்று தலைப்பிட்டு, காலை மாலை இரண்டுக்கும் குறியீடு. கடைசிப் பத்தி கன்றைப் பற்றியது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலை நிறமாயிருந்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில் மயிலை நிறத்துக்கு மாறும். அந்த மாற்றத்தை வாரத்துக்கு ஒரு வரியாகக் குறித்திருந்தான். "கழுத்து வெளுத்திருக்கிறது." "முதுகில் செவலை குறைவு." "கால் மட்டும் பாக்கி."

முதல் குறிப்பின் தேதியைப் பார்த்தோம். தீபாவளிக்கு மறுநாள்.

நம் கிருகலட்சுமியிடம் நோட்டைக் காட்டினோம். "தெரியுமுங்க" என்றாள் அவள், அடுப்படியில் பாத்திரத்தை அடுக்கியவாறே. "சொன்னா நீங்க வேண்டாம்பீங்கன்னு, சொல்ல வேண்டாம்னான்."

பட்டியைக் கூலியாள் யாரோ, அல்லது அவளோ பார்த்துக்கொள்கிறார்கள் என்றுதான் நாம் நினைத்திருந்தோம். உண்மையைச் சொன்னால், நினைத்திருந்தோம் என்பதுகூடப் பொய். காலையில் காபி வந்தது. அதில் பால் இருந்தது. அதற்கு மேல் நாம் யோசிக்கவில்லை.

மறுநாள் பட்டிப் பொங்கல். கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்துக்கு மாலை கட்டினோம். பட்டியில் சாணத்தால் சிறு தெப்பக்குளம் அமைத்து, நீர் நிரப்பிப் பூவும் தூவியாயிற்று. பொங்கல் பொங்கியதும் மாடு அந்தத் தெப்பக்குளத்தை மிதித்துக் கடக்க வேண்டும். பட்டி பெருகும் என்பது ஐதீகம். நோட்டைப் பார்த்த வெட்கம் உள்ளே இருந்தாலும், அட்டவணையை நாம் மாற்றவில்லை. பையன் உள்ளே படித்துக்கொண்டிருந்தான். குடும்பத் தலைவர் என்ற முறையில் நாமே கன்றின் கயிற்றைப் பிடித்தோம். கன்று அசையவில்லை. இழுத்தோம். அது பின்வாங்கிற்று. பலங்கொண்ட மட்டும் இழுத்தோம். கன்று நின்ற இடத்திலேயே நிற்க, வழுக்கியவர் நாமே. வேட்டியோடு தெப்பக்குளத்தை மிதித்துக் கடந்த பெருமை நம்மைச் சேர்ந்தது. மைத்துனர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு சொல்லி முடியாது.

கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்த தாயார், "அதுக்கு உன்னைத் தெரியாது சாமி. தெரிஞ்சவனைக் கூப்பிடு" என்றார்.

கோபமாக அவர் சொல்லவில்லை, அதனால்தான் சுருக்கென்றது. பையனை நாமே உள்ளே போய் அழைத்தோம். அவன் கயிற்றைக்கூடப் பிடிக்கவில்லை. முன்னே நடந்து, நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தான். கன்று தெப்பக்குளத்தை மிதித்துக்கொண்டு அவன் பின்னால் போயிற்று. பசுவும் போயிற்று.

1937-ஆம் ஆண்டில் மகாத்மா காந்தி வார்தாவில் ஆதாரக் கல்வித் திட்டத்தை நாட்டின் முன் வைத்தார். கை வேலையோடு சேர்த்தே அறிவு வளர வேண்டும் என்பது அதன் சாரம். உபாத்தியாயர் பயிற்சியில் நாம் அதைப் படித்து, நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறோம். 2017 ஜனவரியில் ஏறு தழுவுதலுக்காக மெரினாக் கடற்கரையில் இளைஞர் திரண்டபோது, இங்கே நாமும் காங்கேயம் காளையின் படத்தைக் கையில் ஏந்தி நின்றவர்தாம். இனத்தைக் காக்க வேண்டுமென்று அன்று உரக்கக் கோஷமிட்டோம். அதே இனத்துக் கன்று ஒன்று, நாம் உறங்கும் அறைக்கு முப்பது அடி தூரத்தில், நம் குரலைக்கூட அறியாமல் வளர்ந்திருக்கிறது. காந்தியின் திட்டத்தை நம் வீட்டில் நடத்தியவன் அந்தப் பெயரையே அறியாத பையன். அவனை நிறுத்திப் பாடம் படிக்கச் சொன்னவர்கள் நாம். நன்றி கூறுவது சுலபம். மாலை வாங்கும் காசோடு அது முடிந்துவிடும். நன்றியைச் செய்வது என்று ஒன்று இருக்கிறது. அது விடியற்காலை 4.30 மணிக்கு எழுந்திருக்கச் சொல்கிறது.

ஆனாலும் பரீட்சை பொய்யல்ல. பசுவுக்காக ஒரு பிள்ளையின் படிப்பைக் குறைப்பதும் நியாயமல்ல. சனிக்கிழமை மாலை அவனை அழைத்துப் பேசினோம். ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போவதில்லை. காலை வேலை நம்முடையது. அந்த நேரத்தில் அவன் தூங்கலாம் அல்லது படிக்கலாம். மாலை வேலை மட்டும் அவனுடையது. மயிலைக்குச் சித்திரை வரை தவணை. சித்திரையில் கண்ணபுரத்து மாட்டுச் சந்தை கூடும். வைத்துக்கொள்வதா, கொடுப்பதா என்பதை அப்போது அவனையும் கலந்துகொண்டு முடிவு செய்வது. "கொடுத்தே தீரணும்னா, வாங்கறவங்களை நானும் பாக்கணுமுங்க" என்று அவன் ஒரு நிபந்தனை சேர்த்தான். ஒப்புக்கொண்டோம். எந்த முடிவுக்கும் நாம் சத்தியம் செய்துகொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

மறுநாள் 4.30 மணிக்கு நாம் சாணிக் கூடையோடு பட்டியில் நின்றோம். குளிர் எலும்பைத் துளைத்தது. பசு நம்மை ஏற இறங்கப் பார்த்தது. மடியில் கை வைத்ததும் உதைத்தது. முக்கால் மணி நேரப் போராட்டத்துக்குப் பின் கால் லிட்டர் பால் சேர்ந்தது. திரும்பிப் பார்த்தோம். தூங்க வேண்டிய பையன் வாசற்படியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இடது பக்கமா உக்காருங்கப்பா. அதுக்கு அதுதான் பழக்கம்" என்றான்.

பல மாதங்களுக்குப் பின், ஒரே சொல்லுக்கு மேல் அவன் நம்மிடம் பேசியது அன்றுதான். இடம் மாறி உட்கார்ந்தோம்.