முழுகிப் போன கிடார்

அடகு வைத்த பொருளைத் தவணைக்குள் திருப்ப முடியாமல் போனால் "முழுகிப் போச்சு" என்கிறோம். எங்கள் வீராம்பட்டினத்தில் கடலில் போனதற்கும் கடையில் போனதற்கும் இந்த ஒரே சொல்தான். அதனால் யாரும் இதை லேசாகச் சொல்வதில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் விளையாட்டானவர்கள். "ஆணியில் மாட்டிவிட்டேன்" என்பார்கள். இல்லாவிட்டால் "என் அத்தையிடம் இருக்கிறது" என்பார்கள். லூயி பிலிப் ராஜாவின் மகன் ழுவேன்வீல் இளவரசர், சூதாட்டக் கடனுக்காகக் கடிகாரத்தை அடகு வைத்துவிட்டு, அம்மா கேட்டபோது "அத்தை வீட்டில் மறந்து வைத்துவிட்டேன்" என்று சொன்னாராம். பள்ளியில் எங்கள் வாத்தியார் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். பாரீஸில் அந்த "அத்தை" ஒரு பொது நிறுவனம். மோந்-த-பியேத்தே என்று பெயர். 16ஆம் லூயி காலத்தில், 1777இல் ஏற்படுத்தியது. 1918இல் கிரெதி முனிசிபால் என்று பெயர் மாறி இன்றும் நடக்கிறது. நகை மட்டுமில்லை, ஓவியம், வயலின் எல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் விலை சொல்ல அந்தந்தப் பொருளின் தரம் தெரிந்த மதிப்பீட்டாளர் உண்டு.

நம் ஊர் சேட்டுக் கடையில் அப்படி யாரும் கிடையாது. இருப்பது தராசும் உரைகல்லும்தான். சங்கிலி கொண்டுபோனால் எடை இருக்கிறது, மாற்று இருக்கிறது, அன்றைய விலை இருக்கிறது. நகையின் மதிப்பில் முக்கால் பங்கு வரை கடன் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி பல வருடங்களாக வைத்திருந்த கணக்கு. கிடாரைத் தராசில் வைத்தால் என்ன தெரியும்? ஒன்றரைக் கிலோ பலகை, ஆறு கம்பி. அதனால் நல்ல கிடாருக்கும் மட்டமான கிடாருக்கும் சேட்டு ஒரே தொகைதான் கொடுப்பார், அதுவும் விலையில் ஐந்தில் ஒரு பங்கு தேறினால் அதிர்ஷ்டம். முழுகிய பிறகு அதை வாங்கப் போகிற என் போன்றவர்களுக்கு அது மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமும் அதுதான். எங்களுக்குக் கிடைத்த லாபம் சேட்டு கொடுத்ததில்லை. வைத்தவன் இழந்தது.

பொருளை விற்றுக் கடனும் வட்டியும் போக மீதி இருந்தால் வைத்தவருக்குத் தர வேண்டும் என்று 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 176ஆம் பிரிவு சொல்கிறது. குமாஸ்தா உத்தியோகத்தில் சட்டப் புத்தகம் புரட்டிய பழக்கத்தில் சொல்கிறேன். அந்த மீதியைக் கேட்டு வாங்கியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

எழுபது, எண்பதுகளில் சின்ன அடகுக் கடைகள் எதையும் எடுத்துக்கொள்ளும். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, பட்டுப்புடவை, ரேடியோ, டேப் ரெக்கார்டர், சைக்கிள். அந்தக் கும்பலில் ஆர்மோனியம், பாண்டு செட் கிளாரினெட், மாண்டலின், கிடார். சொல்தாக்கள் பிரான்சிலிருந்தும் இந்தோசீனாவிலிருந்தும் கொண்டுவந்த அக்கார்டியன்கூடச் சில சமயம் அலமாரி மேல் இருக்கும். கிழவர் போன பிறகு பிள்ளைகளுக்கு அது இடத்தை அடைக்கிற பெட்டி.

ஒரு முறை ஒரு கடைக்காரர் குரலைத் தாழ்த்தி என்னை உள்ளே கூப்பிட்டு வயலின் ஒன்றைக் காட்டினார். துளை வழியாகப் பார்த்தால் உள்ளே அந்தோனியுஸ் ஸ்திராதிவாரியுஸ் என்று லத்தீனில் சீட்டு. "லட்ச ரூபா சார்" என்றார். ஸ்திராதிவாரி 1737இல் இறந்தவர். அவர் பெயர் போட்ட சீட்டை ஒட்டி, ஜெர்மனியில் மார்க்நொய்கிர்ஷன், பிரான்சில் மிர்க்கூர் போன்ற ஊர்களில் ஆயிரக்கணக்கில் வயலின் செய்து உலகமெங்கும் அனுப்பினார்கள். ஏமாற்றுவதற்கு என்றுகூடச் சொல்ல முடியாது, "அந்த மாதிரி" என்று பொருள். சீட்டில் கீழே "மேட் இன் ஜெர்மனி" என்று ஆங்கிலத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயர் வேண்டும் என்று 1890இல் அமெரிக்கா சட்டம் போட்ட பிறகு வந்த வழக்கம் அது. இதே போலக் கல்கத்தாவில் செய்யும் கிவ்சன் கிடாரை அமெரிக்கக் கிப்சன் என்று நினைத்துக்கொண்டு பேரம் பேசியவர்களும் உண்டு. அது அதன் விலைக்கு நல்ல கிடார்தான். எழுத்தைச் சரியாகப் படிக்க வேண்டும், அவ்வளவே.

பழைய கிடார் வாங்குகிறவர்கள் மினுமினுப்பைப் பார்க்கிறார்கள். நான் கழுத்தைப் பார்ப்பேன். வீணையில் தண்டி என்கிறோமே, அந்த இடம். ஆசாரி பலகையைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். பிறகு ஒரே கம்பியை முதல் மெட்டிலும், கழுத்து பெட்டியில் சேரும் இடத்து மெட்டிலும் சேர்த்து அழுத்துங்கள். நடுவில் விசிட்டிங் கார்டு நுழையலாம். எட்டணா காசு நுழைந்தால் வேண்டாம். குதிரை ஒட்டியிருக்கும் இடத்தில் தாளைச் செருகிப் பாருங்கள். நுழைந்தால் பசை விட்டிருக்கிறது. மே மாதத்து வெயிலில் மூடிய கடைக்குள் கிடந்தால் பசை விடத்தான் செய்யும். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டினால் வெறும் கம்பியின் மேல் ஸட்ஜம் வர வேண்டும். பிசகினால் உடனே கிடாரைக் குறை சொல்லாதீர்கள், துருப்பிடித்த கம்பியும் பொய் சொல்லும். நம் கடற்காற்றில் இரண்டு மாதத்தில் கம்பி கறுத்துவிடுகிறது. பட்டணம் போனால் மவுண்ட் ரோடில் மியூசி மியூசிக்கலுக்குப் போய் ஒரு செட் கம்பி வாங்கி வந்துவிடுவேன். 1842இல் மிஸ்க்வித் கம்பெனியாகத் தொடங்கிய கடை அது. மூர் மார்க்கெட்டையும் ஒரு சுற்றுச் சுற்றுவேன், 1985இல் அது எரிந்துபோகும் வரை.

கட்டாயம் ரசீது வாங்குங்கள். திருட்டுப் பொருளாக இருந்து தொலைத்தால் அந்தத் துண்டுக் காகிதம்தான் உங்கள் பக்கம் பேசும்.

1996இல் பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் ஒரு கிடார் வாங்கினேன். 300 ரூபாய்க்கு வைத்தது, வட்டியோடு சேர்த்து 550 சொன்னார் சேட்டு. புதிது இரண்டாயிரத்துக்குக் குறையாது. கழுத்து நேர், குதிரை கெட்டி. பெட்டிக்குள்ளே செங்கழுநீர் அம்மன் படம் ஒன்று ஒட்டியிருந்தது. எங்கள் ஊர்க்காரர் யாரோ வைத்தது என்று தெரிந்துவிட்டது. யார் என்று கேட்டேன். "அது மட்டும் கேக்காதீங்க சார்" என்றார். அதில் எனக்கு அவர் மேல் மரியாதைதான் வந்தது.

ஆடி மாதம் தேர்த் திருவிழா நெருங்கிய ஒரு சாயங்காலம், எனக்குத் தெரிந்த நாலு கார்டை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தேன். தெருவில் போன பையன் ஒருவன் நின்றான். முப்பது வயதுக்குள் இருக்கும். கேட்காமலே பக்கத்தில் வந்து, துளைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். படம் இருக்கிறதா என்று. மெல்லிசைக் குழு ஒன்றில் வாசிக்கிறவன். அப்பாவின் படகு எஞ்சினுக்குச் சாமான் வாங்கப் பணம் வேண்டியிருந்தது, அம்மாவின் நகை அதற்கு முன்பே உள்ளே போயிருந்தது. மிஞ்சியது இதுதான்.

"கொடுத்த 550ஐ மெதுவாகக் கொடு, தம்பி. எடுத்துக்கொண்டு போ" என்றேன்.

"வேணாம் சார். வூட்ல இருந்தா திரும்ப அங்கதான் போவும். உங்ககிட்டயே இருக்கட்டும். கச்சேரி இருக்கிற அன்னிக்கு மட்டும் குடுங்க."

அப்படித்தான் நடந்தது, பதிமூன்று வருடம். கச்சேரிக்கு முதல் நாள் வந்து எடுத்துப் போவான். திரும்பி வரும்போது புதுக் கம்பி போட்டிருக்கும். "வட்டியில்லாத சேட்டுக் கடை" என்று என் மனைவி கேலி செய்வாள்.

அவன் சொன்னதை நான் வெகு நாள் யோசித்திருக்கிறேன். நகையை வைத்தால் கழுத்து வெறுமையாகிறது, சம்பாத்தியம் நிற்பதில்லை. வாத்தியத்தை வைத்தால் வட்டி கட்ட வழியாக இருந்ததே உள்ளே போய்விடுகிறது. படகின் எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு, மீன் பிடித்துக் கடன் அடைக்கிறேன் என்பது போல. அந்த வீட்டில் எஞ்சினா கிடாரா என்று கேள்வி வந்தபோது எஞ்சினைக் காப்பாற்றினார்கள், அது சரிதான். ஏ.ஆர். ரஹ்மானின் தகப்பனார் ஆர்.கே. சேகர் 1976இல் இறந்தபோது பையனுக்கு ஒன்பது வயது. அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது. அவை ஒரு கடைக்குள் போய் முழுகியிருந்தால் ஒரே ஒரு முறை பணம் வந்திருக்கும். ஆனால் வாடகைக்கு எடுக்கச் சென்னையில் சினிமா இருந்தது. வீராம்பட்டினத்தில் ஒரு கிடாரை யார் வாடகைக்கு எடுப்பார்கள்?

2009இல் அவன் வந்தான். அவர் என்று சொல்ல வேண்டும், சொந்தப் படகு வாங்கியிருந்தார். கரோக்கே வந்து மெல்லிசைக் குழுக்கள் ஒவ்வொன்றாய்ப் படுத்துவிட்ட சமயம். கச்சேரிக்காக வரவில்லை. மகள் கேட்கிறாள் என்றார். ஐந்து நூறு ரூபாய் நோட்டும் ஓர் ஐம்பதும் எண்ணித் திண்ணையில் வைத்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. "திருப்பிட்டேன்னு வூட்ல சொல்லணும் சார்" என்றார். வட்டி எவ்வளவு என்று கேட்டுச் சிரித்தார். உறையையும் சேர்த்துக் கொடுத்தேன்.

இப்போது அடகுக் கடையில் கிடாரைக் கொண்டுபோனால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். தங்கம், வெள்ளி தவிர வேறு எதையும் தொடுவதில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் ஊர் நகையெல்லாம் வங்கிக்கும் பைனான்சுக்கும் போய்விடுகிறது. பழைய வாத்தியம் வேண்டுமென்றால் செல்போனில் தேடலாம், இல்லாவிட்டால் காந்தி வீதி சண்டே மார்க்கெட். போன ஞாயிறு அங்கே ஒரு யமஹா கீபோர்டு பார்த்தேன். பேட்டரி அறையைத் திறந்தேன். பச்சை பூத்திருந்தால் உள்ளே பலகையும் அரித்திருக்கும், இதில் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு கட்டையாக மெதுவாக ஒரு முறை, பலமாக ஒரு முறை அழுத்தினேன். இரண்டு கட்டை பேசவில்லை. நாலாயிரம் சொன்னார், மூன்றுக்குக் கேட்டிருக்கிறேன். யாருடையது என்று கேட்டதற்கு அவருக்கும் தெரியவில்லை.