மாமாவின் மரக் கேமரா



ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் நான் உளியும் உப்புத்தாளுமாக இருப்பவன் என்பதை மதரஸா மாணவர்கள் அறிவர். இவ்வாண்டு விடுமுறையில் என்னிடம் வந்து சேர்ந்தது, காயல்பட்டினத்தில் ஸ்டூடியோ நடத்திய என் தாய்மாமாவின் பெரிய மரக் கேமரா. கேரளத்தின் ஆலப்புழையில் உருவான வாகீஸ்வரி கேமரா அது. தேக்கு உடல், பித்தளைப் பொருத்துகள், நடுவே மடிப்பு மடிப்பாக விரியும் துருத்தி. கொழும்புக்கும் ஜித்தாவுக்கும் புறப்பட்ட நம்மவர் எத்தனையோ பேரின் பாஸ்போர்ட் படங்கள் இதிலே எடுக்கப்பட்டவை.

மாமாவின் பார்வை மங்கி ஸ்டூடியோ மூடப்பட்டபின், யாரோ அதன்மேல் கறுப்பு எனாமலை அப்பியிருந்தனர். மச்சான்மார் விற்றுவிட எண்ணினர். உணவகத்தில் அலங்காரமாக நிறுத்த ஒருவர் விலையும் பேசிவிட்டார். அவருக்குப் பளபளப்பு வேண்டும். பின்சட்டத்து விரிசல் பட்டி பூசி மறைக்கப்பட வேண்டும். குறையை மூடி விற்கலாகாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். வாங்குபவரே மறைக்கச் சொன்னாலும், அவரிடமிருந்து நாளை வாங்கப் போகிறவர் யாரோ? விரிசலைப் பசையிட்டு இறுக்கிச் சேர்ப்பேன், பட்டி பூச மாட்டேன் என்று சொல்லிவிட்டே வேலையைத் தொடங்கினேன்.

பிரிப்பதுதான் பாதி வேலை. பழைய திருகாணிகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும் ஒன்றன் துளையில் மற்றொன்று அமராது. அட்டையில் கேமராவின் உருவை வரைந்து, ஒவ்வொரு திருகாணியையும் அதற்குரிய இடத்தில் குத்தி வைத்தேன். எனாமலைப் பெயிண்ட் ரிமூவர் தடவி இளக்கி, மழுங்கிய தகட்டால் வழித்தேன். பின் 120, 220, 400 எண் உப்புத்தாள்கள், மர ரேகை ஓடும் திசையிலேயே. அப்போது, குவியம் திருப்பும் குமிழின் அருகே ஒரு சிறு பள்ளம் வெளிப்பட்டது. பல்லாண்டுகள் கட்டைவிரல் ஊன்றித் தேய்ந்த இடம். உதவிக்கு வந்த தச்சர் அதையும் நிரவச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. விரிசல் கருவியின் குறை. இதைக் குறையென்று எப்படிச் சொல்வது?

வெளிப்பூச்சுக்கு அரக்கு. அதைக் கரைக்க ஸ்பிரிட் வாங்கப் போனேன். கடைக்காரர் என் தொப்பியைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பஞ்சை மெல்லிய துணியில் பொதிந்து, கரைசலில் தோய்த்து, வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஓரிடத்தில் கை நின்றால் துணி ஒட்டிக்கொள்ளும். நாளுக்கு இரண்டாகப் பன்னிரண்டு பூச்சு. பித்தளைக்குப் புளி போதும்.

உட்புறத்தின் நியாயமே வேறு. அங்கே பளபளப்பு கூடவே கூடாது. சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளி படத்தை வெளிறச் செய்துவிடும். ஆகவே புகைக்கரியைக் குறைந்த அரக்கில் குழைத்துப் பூசினேன். அரக்கு சற்றே மிகுந்தாலும் மினுமினுக்கும். இருளறைக்குள் சிறு துவாரத்தின் வழியே புகும் ஒளியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆராய்ந்த பஸராவின் இப்னுல் ஹைதம் அன்று என் நினைவுக்கு வந்தார்.

"ஹஜ்ரத், உருவப்படம் எடுக்கும் கருவியைச் செப்பனிடலாமா?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஇ புகைப்படம் ஆகுமானதென்று தனி நூலே எழுதினார். கூடாதென்ற ஆலிம்களும் உண்டு. கூடாதென்றவர்களில் பலர் தேவைக்கு இடமளித்தனர். ஹஜ்ஜுக்கே பாஸ்போர்ட் வேண்டுமல்லவா! இரு தரப்பையும் அவனுக்குச் சொன்னேன்.

இரவில் விளக்கணைத்து, துருத்திக்குள் டார்ச் வைத்துச் சோதித்தோம். மடிப்பு முனைகளில் மூன்று இடங்களில் நட்சத்திரம்போல் ஒளி கசிந்தது. உள்ளிருந்து கறுப்புத் துணி ஒட்டி அடைத்தேன்.

மாமாவிடம் கொண்டு சென்றபோது அவர் எதுவும் பேசாமல் விரல்களால் தடவினார். கட்டைவிரல் தானாகவே அந்தப் பள்ளத்தில் போய் நின்றது. "இத அப்புடியே உட்டுட்டியா?" என்றார். பின்பு, அறுத்த புரோமைடு தாளைப் பிலிமுக்குப் பதிலாக உள்ளே வைத்து முற்றத்து வேப்பமரத்தைப் படமெடுக்கச் சொன்னார். இதில் ஷட்டர் இல்லை. லென்ஸின் மூடியைக் கழற்றி, எண்ணி, மூட வேண்டும். அவரே எண்ணினார்.

விலை பேசியவரிடம் விரிசல் சேர்த்த இடத்தைத் தொட்டே காட்டினோம். இன்னும் அவர் பதில் சொல்லவில்லை. மச்சான்மாரும் அவரைத் தொலைபேசியில் அழைக்கவில்லை. வேப்பமரத்துக்கு ஆறு வினாடி போதுமா, எட்டு வேண்டுமா என்று மாமா என்னோடு வாதிட்டுக்கொண்டிருக்கிறார்.