பெரிய சுற்றுலா

ஆண்டுதோறும் பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகிறவன் நான். பஸ் புறப்படும்போதும் எண்ணுவேன், திரும்பும்போதும் எண்ணுவேன். கணக்குச் சரியாக இருந்தால்தான் நிம்மதி. அதனால்தான், 1989இல் பல்கேரியாவிலிருந்து துருக்கியச் சிறுபான்மையினர் துரத்தப்பட்டதற்குப் ‘பெரிய சுற்றுலா’ என்று பெயர் என வாசித்தபோது மனம் திடுக்கிட்டது.

முதலில் பறிபோனவை பெயர்கள். 1984 கடைசியில் தொடங்கிச் சில மாதங்களுக்குள், தொடோர் ஷிவ்கோவின் கம்யூனிஸ அரசு சுமார் 8 இலட்சம் துருக்கியருக்குப் பல்கேரியப் பெயர்களைச் சூட்டியது. பொது இடங்களில் துருக்கி மொழி பேசவும் தடை. இதற்கு அரசு இட்ட பெயர் ‘மறுமலர்ச்சி’. இடாப்பில் ஒரு பெயரைப் பிழையாகக் கூப்பிட்டாலே பிள்ளையின் முகம் வாடிவிடும். அங்கே இடாப்பையே மாற்றிவிட்டார்கள்.

பளுதூக்கும் வீரர் நயீம் சுலைமானோவும் ‘நௌம் ஷலமனோவ்’ ஆக்கப்பட்டார். 1986இல் மெல்பேர்னில் தப்பித் துருக்கியை அடைந்த அவர், 1988 சியோல் ஒலிம்பிக்கில் நயீம் சுலைமானோக்லுவாகத் தங்கம் வென்றார். உலகப் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. பளு தூக்கத் தெரியாத மற்றவர்களின் பெயர்களை யார் எழுதுவார்கள்?

1989 மே மாதத்தில் அவர்கள் ஊர்வலம் போனார்கள். சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மே 29இல் தொலைக்காட்சியில் தோன்றிய ஷிவ்கோவ், எல்லையைத் திறக்கும்படி துருக்கியைக் கேட்டார். ஆகஸ்டில் துருக்கி எல்லையை மூடுவதற்குள் 3 இலட்சத்து 60 ஆயிரம் பேரளவில் கடந்திருந்தனர். வயலில் புகையிலை பறிக்கப்படாமல் நின்றது. கையில் கடவுச்சீட்டு இருந்ததால் அரச ஏடுகளுக்கு அவர்கள் உல்லாசப் பயணிகள்! பிறகு ஒன்றரை இலட்சம் பேரளவில் திரும்பினர். மற்றவர்கள் திரும்பவேயில்லை. அது இனச்சுத்திகரிப்பு என்று பல்கேரிய நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது 2012 ஜனவரியில்தான்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் அப்போது சிறுவன். பத்திரிகைகளும் நிவாரணப் படிவங்களும் எங்களை ‘இடம்பெயர்ந்தோர்’ என்றே குறித்தன. வாப்பாவும் அந்தச் சொல்லுக்குக் கீழேதான் கையொப்பமிட்டார்.

இலக்கண பாடத்தில் இப்போது இந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதுகிறேன். ‘பெயர்ந்தோர்’ தன்வினை, தாமாகப் போனவர்கள். ‘பெயர்க்கப்பட்டோர்’ செயப்பாட்டுவினை, பெயர்த்தவன் ஒருவன் உண்டு.

“யார் சேர் பெயர்த்தது?” என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைய பாடம் நடந்துவிட்டதென்று எடுத்துக்கொள்வேன்.